கிறிஸ்தவ விசுவாசத்தோடு செல்வம் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்வம் சேர்க்க விரும்புவதே பாவமாகாதா?

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்ற வசனம் 6-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள், அதே அதிகாரத்தின் 17 முதல் 19 வரையுள்ள வசனங்களையும் வாசிக்க வேண்டும். அங்கே பவுல் சபையிலிருந்த ஐசுவரியவான்களுக்குக் கட்டளையிடுகிறார். செல்வத்தைக் கைவிட்டு வரும்படி அவர் சொல்லவில்லை. பெருமை கொள்ளாமலும், நிலையற்ற ஐசுவரியத்தின்மேல் நம்பிக்கை வைக்காமலும், தாராளமாய்க் கொடுக்கிறவர்களாகவும் இருக்கும்படி சொல்கிறார். ஆபிரகாம் செல்வந்தர். இயேசுவின் சரீரத்தை அடக்கம் செய்யத் தன் சொந்தக் கல்லறையைக் கொடுத்த அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பும் செல்வந்தர். இரத்தாம்பரம் விற்ற லீதியாளின் வீடு பவுலுக்கும் அவரோடிருந்தவர்களுக்கும் திறந்திருந்தது. யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவின் ஊழியத்தைத் தாங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எளிதாக ஆறுதல் அடைந்துவிடவும் முடியாது. 9-ஆம் வசனத்தில், ஐசுவரியவான்களாக வேண்டும் என்று நாடுகிறவர்கள் சோதனையிலும் கண்ணியிலும் விழுகிறார்கள் என்று பவுல் எச்சரிக்கிறார். குடும்பத்தைத் தாங்குவதற்கும், பிறருக்குக் கொடுப்பதற்கும், முதுமையில் யாருக்கும் பாரமாகாமல் வாழ்வதற்கும் பொருள் சேர்ப்பது ஒன்று. பணக்காரன் என்ற நிலையையே வாழ்வின் குறிக்கோளாக வைப்பது வேறொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆகவே எதற்காகச் சேர்க்கிறோம் என்ற கேள்வியைத் தேவசமுகத்தில் ஒருமுறை மட்டுமல்ல, வருமானம் உயரும்போதெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இயேசு ஐசுவரியவான்களைக் குறித்து ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினார்?

லூக்கா சுவிசேஷத்தில் இரண்டு செல்வந்தர்களின் வரலாறு அடுத்தடுத்த அதிகாரங்களில் வருகிறது. 18-ஆம் அதிகாரத்தில் வரும் தலைவனிடம், உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு சொல்கிறார், அவன் துக்கமடைகிறான். 19-ஆம் அதிகாரத்தில் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திரும்பச் செலுத்துவதாகவும் தானாகவே சொல்கிறான். மீதிப் பாதியைப் பற்றி இயேசு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆகையால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விழுக்காடு சுவிசேஷத்தில் இல்லை. முதலாமவனுக்குச் செல்வம் எஜமானாயிருந்தது. இரண்டாமவன் அதன் பிடியிலிருந்து விடுதலை பெற்றுவிட்டான். "தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது" என்ற வசனம் இவ்விருவரிடமும் மெய்யாகிறது.

களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த மதிகேடனின் உவமையும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. அவன் நிலம் நன்றாக விளைந்தது குற்றமாகச் சொல்லப்படவில்லை. அந்த விளைச்சலைப் பற்றிய அவனுடைய யோசனையில் தேவனுக்கும் இடமில்லை, பசித்திருக்கும் அயலானுக்கும் இடமில்லை. தன் சகோதரன் சுதந்தரத்தைப் பங்கிட்டுத் தரும்படி அவனுக்குக் கட்டளையிட வேண்டும் என்று ஒருவன் வந்து கேட்டபோதுதான் இயேசு இந்த உவமையைச் சொன்னார். சொத்துக்காக உடன்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இந்தப் பின்னணியோடு அந்த உவமையை வாசிப்பது நல்லது.

விசுவாசத்தோடு கொடுத்தால் தேவன் பன்மடங்காகத் திருப்பித் தருவார் என்னும் போதனை சரியானதா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது, ஏனெனில் இந்தச் செழிப்பு உபதேசத்தால் மிகுதியாகக் காயப்படுகிறவர்கள் ஏழை விசுவாசிகளே. மாற்கு 10:30-இல் நூறத்தனையாகப் பெறுவதைப் பற்றிய வாக்குத்தத்தம் துன்பங்களோடேகூட வருகிறது என்பதை அதே வசனம் சொல்கிறது. மல்கியா 3:10 தசமபாகங்களை, அதாவது பத்தில் ஒரு பங்கை, பண்டசாலையில் சேர்க்கும்படி இஸ்ரவேல் ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. தனிமனிதன் ஒருவன் இத்தனை கொடுத்தால் இத்தனை வரும் என்று கணக்குப் போடுவதற்குத் தரப்பட்ட சூத்திரமாக அதை ஆக்கக் கூடாது. யோபு உத்தமனாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்தார். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலிருந்தும் உதாரத்துவமாய்க் கொடுத்தன என்று பவுல் 2 கொரிந்தியர் 8-இல் பாராட்டுகிறார்; அதனால் அவர்கள் செல்வந்தரானார்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

கடன் வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு, ஆசீர்வாதம் வராதபோது தன் விசுவாசமே குறைவு என்று நொந்துகொள்ளும் ஒரு விதவையை எண்ணிப் பாருங்கள். அவரிடமிருந்து பணம் மட்டுமல்ல, தேவன் தன்னை நேசிக்கிறார் என்ற நிச்சயமும் பறிக்கப்படுகிறது.

வருமானம் வரும் வழியைக் குறித்து வேதம் என்ன சொல்கிறது?

எவ்வளவு கொடுத்தோம் என்பதற்கு முன்பாக எப்படிச் சம்பாதித்தோம் என்பதை வேதம் விசாரிக்கிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சுமுத்திரையான, அதாவது அளவு பிசகாத, தராசையும் நிறைகல்லையும் கேட்கிறது. கூலிக்காரனின் கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24 சொல்கிறது. கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 அதையே மீண்டும் எழுப்புகிறது. தொழில் நடத்தும் விசுவாசி ஒருவர் ஊழியர்களின் சம்பளத்தைத் தாமதப்படுத்தி அந்தப் பணத்தைச் சபைக் கட்டட நிதிக்குக் கொடுத்தால், அந்தக் காணிக்கை அவரை நியாயப்படுத்தாது. ஒழுக்கக்கேடான வழியில் வந்த பணத்தைத் தேவாலயத்துக்குக் கொண்டுவரவே கூடாது என்பது உபாகமம் 23:18-இன் கட்டளை. லஞ்சம், வரி ஏய்ப்பு, வாடிக்கையாளருக்குத் தெரியாத மறைமுகக் கட்டணம், விற்பனை இலக்கை எட்டுவதற்காகச் சொல்லப்படும் பொய் ஆகிய எல்லாம் இந்த வரிசையில் அடங்கும். வருமானம் குறைந்தாலும் இவற்றை விட்டுவிடுவதுதான் கிறிஸ்தவப் பொருளாதாரத்தின் முதற்படி.

நடைமுறையில் எதிலிருந்து தொடங்குவது?

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டார். அவர் சீஷத்துவத்தைப் பற்றிப் பேசினாலும், அந்தக் கேள்வி குடும்பக் கணக்குக்கும் முற்றிலும் பொருந்துகிறது. முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வரவு செலவை ஒன்றுவிடாமல் எழுதிப் பாருங்கள். பின்பு சம்பளம் வந்த அன்றே காணிக்கையையும் சேமிப்பையும் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியில் மாதத்தை நடத்தப் பழகுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று காத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை. வேலை போனாலோ நோய் வந்தாலோ கைகொடுக்கும்படி, குடும்பத்தின் மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைத்திருப்பது அடுத்த படி. அதற்குப் பிறகுதான் நீண்டகால முதலீடு.

வட்டி விகிதத்தால் 72-ஐ வகுத்தால், ஒரு தொகை இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது தெரியும். ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் முதலீடு இரட்டிப்பாக 9 ஆண்டுகள் வேண்டும். 24 விழுக்காடு வட்டியுள்ள கடன் அட்டை நிலுவையோ 3 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். அதிக வட்டிக் கடனை வைத்துக்கொண்டு முதலீட்டைத் தொடங்குவது ஏன் அறிவுடைமை அல்ல என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

கிறிஸ்தவர்கள் கடன் வாங்கலாமா?

வேதம் கடனைத் தடை செய்யவில்லை. ஆனால் ஒருபோதும் புகழவும் இல்லை. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்று நீதிமொழிகள் 22:7 சொல்வது, கடனில் இருந்தவர்கள் எல்லோரும் அறிந்த உண்மை. குடியிருக்க வீடு, பிழைப்புக்கான தொழிற்கருவி, கல்வி போன்றவற்றுக்காக, திருப்பிச் செலுத்தும் வழியை முன்கூட்டியே கணக்கிட்டு வாங்கும் கடன் வேறு. திருமணத்தை ஊர் மெச்சும்படி நடத்துவதற்கும், உறவினருக்கு இணையாகத் தோன்றுவதற்கும் வாங்கும் கடன் வேறு. வாங்கிய கடனைச் செலுத்தாமல் போகிறவனைத் துன்மார்க்கன் என்று சங்கீதம் 37:21 அழைக்கிறது. ஆகவே செலுத்த முடியாத நிலை வந்தால் ஒளிந்துகொள்ளாமல், கடன் கொடுத்தவரை நேரில் சந்தித்துத் தவணையை மாற்றிக் கேட்பதே சாட்சியைக் காக்கும் வழி.

பிறருக்குப் பிணை நிற்பதைக் குறித்து நீதிமொழிகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. உதவ வேண்டும் என்ற மனம் இருந்தால், இழக்கக்கூடிய ஒரு தொகையை அன்பளிப்பாகவே கொடுத்துவிடுவது மேல். கையெழுத்தின் பாரத்தை உங்கள் பிள்ளைகள் சுமக்க வேண்டிய நிலை அப்போது வராது.

வட்டி வாங்குவது தவறு என்று பழைய ஏற்பாடு சொல்கிறதே?

யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:35–37 ஆகிய பகுதிகள் வறுமையில் விழுந்த சகோதரனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கின்றன. ஆதிச் சபை இதை மிகவும் கடுமையாகவே எடுத்துக்கொண்டது. கி.பி. 325-இல் கூடிய, சபைத் தலைவர்களின் பேரவையான நிசேயா சங்கம் வட்டிக்குக் கொடுக்கும் குருமார்களைப் பதவியிலிருந்து நீக்கக் கட்டளையிட்டது. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்தவர்களுக்குக் கிறிஸ்தவ முறைப்படியான அடக்கத்தையே மறுத்தது. வணிகத்தின் இயல்பு மாறியபின், 1545-இல் சபைச் சீர்திருத்தவாதியான ஜான் கால்வின் எழுதிய கடிதம் ஒன்று வேறொரு பாதையைத் திறந்தது: ஏழையின் அவசரத்தைப் பயன்படுத்தி வாங்கும் வட்டி பாவம், லாபம் ஈட்டும் தொழிலுக்குக் கொடுத்த பணத்துக்கு நியாயமான வட்டி வாங்குவதை எல்லா நிலையிலும் பாவம் என்று சொல்ல முடியாது. இன்றைய சபைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டையே பின்பற்றுகின்றன. தாலந்துகளின் உவமையிலும், பணத்தைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பேனே என்று எஜமான் சொல்கிறான்.

எனவே வங்கி வைப்பு நிதியின் வட்டியைக் குறித்து மனச்சாட்சி வாதிக்கப்பட வேண்டியதில்லை. அவசரத்தில் வந்து நிற்கும் அயலாருக்கு உயர்ந்த வட்டிக்குக் கொடுத்து, அவர் நகையையோ நிலத்தையோ எடுத்துக்கொள்வது பழைய தடையின் கீழேயே இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில் பிரெட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்னும் ஊர்த்தலைவர், வட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகளுக்காகத் தன் கிறிஸ்தவ விசுவாசத்தின் உந்துதலால் 1864-இல் ஹெடஸ்டார்பில் கடன் சங்கம் ஒன்றை நிறுவினார். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தங்கள் சேமிப்பையே குறைந்த வட்டிக்குக் கடனாகக் கொடுத்துக்கொண்டார்கள். உலகெங்கும் பரவிய கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று. பணம் சேர்க்கும் ஏற்பாடே ஏழையைத் தாங்கும் ஏற்பாடாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பங்குச் சந்தையில் முதலீடு செய்வது சூதாட்டம் அல்லவா?

பங்கு என்பது ஒரு தொழிலில் உரிமைப்பங்கு. அந்தத் தொழில் பொருளை உருவாக்கி விற்று ஈட்டும் லாபத்தில் பங்குதாரருக்கு நியாயமான பாத்தியதை உண்டு. சூதாட்டத்தில் ஒருவர் பெறுவது முழுவதும் மற்றவர்கள் இழந்ததே. ஆனால் கடன் வாங்கிய பணத்தில், காலையில் வாங்கி மாலையில் விற்று, விலையின் ஏற்றத்தாழ்வை மட்டுமே நம்பி நடத்தும் வணிகம் சூதாட்டத்தின் இயல்பையே பெற்றுவிடுகிறது; தூக்கத்தையும் ஜெபத்தையும் அது எப்படி விழுங்குகிறது என்பதை அதில் சிக்கியவர்கள் அறிவார்கள்.

பொறுமையாகப் பல ஆண்டுகள் வைத்திருக்கக்கூடிய பணத்தை, பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பல நிறுவனங்களின் பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும், செலவு குறைந்த குறியீட்டு நிதியில் மாதந்தோறும் போடுவது சாதாரணக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. அதுவும் சில ஆண்டுகளில் மதிப்புக் குறையும். சந்தையில் உறுதியளிக்கப்பட்ட லாபம் கிடையாது. நிதியை நடத்துபவர்கள் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கட்டணமாகிய செலவு விகிதத்தை அற்பமாக எண்ண வேண்டாம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் தொகை 30 ஆண்டுகளில் ஏறக்குறைய 10 மடங்காகும். அதிலிருந்து ஆண்டுதோறும் 2 விழுக்காடு கட்டணமாகப் போய் 6 விழுக்காடே நின்றால், அதே தொகை 6 மடங்கைக்கூட எட்டாது.

எந்த நிறுவனங்களில் முதலீடு செய்யக் கூடாது?

அயலானின் சரீரத்துக்கோ ஆத்துமாவுக்கோ கேடு விளைவித்து ஆதாயம் தேடக் கூடாது என்பது 18-ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பணத்தைப் பற்றிப் பிரசங்கித்தபோது வகுத்த எல்லை. மதுபானம், புகையிலை, சூதாட்டம், ஆபாசம் ஆகியவற்றைப் பெரும்பாலான விசுவாசிகள் விலக்குகிறார்கள். ஆயுத உற்பத்தி, சுற்றுச்சூழலைக் கெடுக்கும் தொழில் ஆகியவற்றில் கருத்துகள் வேறுபடுகின்றன. வியட்நாம் போர்க்காலத்தில், போருக்குத் துணைபோகும் நிறுவனங்களில் பணம் போட விரும்பாத மெதடிஸ்டுகள் 1971-இல் அமெரிக்காவில் பாக்ஸ் வேர்ல்ட் என்ற பரஸ்பர நிதியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் சபை, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இனஒதுக்கல் நிலவிய தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேற வேண்டும் என்று பங்குதாரர் தீர்மானம் கொண்டுவந்தது. விலகி நிற்பதும், உள்ளே இருந்து கேள்வி கேட்பதும் ஆகிய இரண்டும் சபைக்குப் பழக்கமான வழிகளே. நிதி ஒன்றில் பணம் போடுமுன் அதன் முதலீட்டுப் பட்டியலை ஒருமுறையாவது வாசித்துப் பாருங்கள்.

காப்பீடு எடுப்பது அவிசுவாசம் ஆகாதா?

1740-களில் ஸ்காட்லாந்து சபையின் இரண்டு போதகர்களான ராபர்ட் வாலஸும் அலெக்சாண்டர் வெப்ஸ்டரும், மரித்துப்போகும் குருமார்களின் விதவைகளும் பிள்ளைகளும் வறுமையில் தள்ளப்படுவதைக் கண்டு, ஆண்டுதோறும் எத்தனை பேர் மரிக்கக்கூடும் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு போதகரும் எவ்வளவு செலுத்தினால் நிதி நிலைத்து நிற்கும் என்பதை வகுத்தார்கள். இன்றைய ஆயுள் காப்பீட்டின் அறிவியல் அடித்தளங்களில் ஒன்றாக அந்த நிதி எண்ணப்படுகிறது. அதை உருவாக்கியவர்கள் பிரசங்க பீடத்தில் நின்றவர்கள். எகிப்தில் யோசேப்பும் ஏழு வருஷச் செழிப்பில் விளைச்சலின் ஐந்திலொரு பங்கை எடுத்துவைத்தபோது தேவனை நம்பாதவராக இருக்கவில்லை. வருமானம் ஈட்டுபவர்மேல் குடும்பம் சார்ந்திருக்கும்வரை குறிப்பிட்ட காலத்துக்குள் மரணம் நேர்ந்தால் மட்டும் பணம் தரும் எளிய காலவரைக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் அவசியம். முதலீட்டையும் காப்பீட்டையும் கலந்து விற்கும் திட்டங்களை வாங்குமுன் அவற்றின் கட்டணங்களைக் கேட்டறிய வேண்டும்.

கடன் இருக்கும்போதும் தசமபாகம் கொடுக்க வேண்டுமா?

சபைகளுக்குள் இதில் ஒரே கருத்து இல்லை. நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குத் தசமபாகம் கொடுத்தார் என்பதால் அது இன்றும் கடமை என்று சிலர் போதிக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் விழுக்காடு ஏதும் விதிக்கப்படவில்லை என்றும், அவனவன் தன் மனதில் நியமித்தபடி கொடுக்க வேண்டும் என்பதே 2 கொரிந்தியர் 9:7-இன் போதனை என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் இரண்டாவது கருத்துக்கே நெருங்கி நிற்கிறேன். ஆனாலும் கொடுப்பதை முற்றிலும் நிறுத்திவிடுவதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கடன் தீர்ந்தபின் தொடங்கலாம் என்று ஒத்திவைத்த கை திரும்பத் திறப்பது அரிது. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்பதைப் பவுலே எழுதியிருக்கிறார். பெற்றோரைக் கவனிக்க வேண்டிய பணத்தைக் காணிக்கை என்று சொல்லி விலக்கிக்கொண்டவர்களை இயேசு மாற்கு 7-இல் கடிந்துகொண்டதையும் மறக்கக் கூடாது.

தசமபாகத்தைக் கணக்கிடுவது வரிக்கு முந்திய வருமானத்திலா, கைக்கு வந்ததிலா?

உங்கள் மனச்சாட்சி தீர்மானிக்கட்டும். இதைச் சண்டைக்குரிய பொருளாக்க வேண்டாம்.

சபையைச் சேர்ந்த ஒருவர் நல்ல லாபம் தரும் திட்டம் ஒன்றைச் சொல்கிறார். நம்பலாமா?

ஜெபத்தில் ஒன்றாக முழங்காற்படியிட்டவர் என்பதாலேயே கேள்வி கேட்கத் தயங்குகிறோம். மோசடிக்காரர்கள் தேடுவது அந்தத் தயக்கத்தையே. அமெரிக்காவில் நியூ எரா என்ற அறக்கட்டளை, பெயர் வெளியிட விரும்பாத கொடையாளர்கள் இருப்பதாகச் சொல்லி, கிறிஸ்தவக் கல்லூரிகளும் மிஷனெரி அமைப்புகளும் கொடுத்த பணத்தை ஆறு மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருவதாக வாக்களித்தது. அப்படிப்பட்ட கொடையாளர்கள் ஒருவரும் இருக்கவில்லை. புதிதாக வந்தவர்களின் பணமே முன்பு வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1995-இல் அது சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1999-இல், அரிசோனாவின் பாப்டிஸ்ட் அறக்கட்டளை திவாலானபோது ஆயிரக்கணக்கான முதியோரின் ஓய்வுக்காலச் சேமிப்பு அதில் சிக்கியது.

உறுதியான லாபம், இரகசியம், அவசரம் ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும் விலகிவிடுங்கள். ஒழுங்குமுறை அமைப்பிடம் அவர் பதிவு பெற்றிருக்கிறாரா என்று சரிபார்ப்பது சகோதர அன்புக்கு விரோதமானது அல்ல. ஐசுவரியவானாகிறதற்குத் தீவிரிக்கிறவனைக் குறித்து நீதிமொழிகள் 28:20 கொடுக்கும் எச்சரிக்கை திட்டத்தை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் உரியது.

எவ்வளவு சேர்த்தால் போதும்?

என் பார்வையில் எல்லாக் கேள்விகளிலும் இதுவே பெரியது. வெஸ்லி ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு மெதடிஸ்ட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அது அவரே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது அந்த மனிதர் 28 பவுண்டில் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் 28-லேயே வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். 120 ஆனபோதும் அவ்வாறே 92-ஐக் கொடுத்தார். சம்பாதிக்கவும் சேமிக்கவும் சொன்ன தன் புத்திமதியைக் கேட்டவர்கள், கொடுக்கச் சொன்னதைக் கைவிட்டார்கள் என்று வெஸ்லி தன் கடைசி ஆண்டுகளில் மிகவும் வேதனைப்பட்டார்.

நம்மில் பலருக்கு 28-இல் நிலைத்துநிற்பது இயலாமற் போகலாம். பிள்ளைகள் வளருவார்கள், விலைவாசியும் உயரும். 6 விழுக்காடு பணவீக்கத்தில் பணத்தின் வாங்கும் திறன் சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் ஓர் எல்லையை முன்கூட்டியே, வருமானம் சிறிதாயிருக்கும்போதே, கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிவைக்க வேண்டும்: இந்த அளவு வாழ்க்கைக்கு, இந்த அளவு முதுமைக்கு, இதற்கு மேற்பட்டது நம்முடையதல்ல. செல்வம் வந்தபின் எல்லையை வரைய முயன்றால், அது ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்பவர் ஜெபித்தபோது, வறுமையில் திருடிவிடுவேனோ என்று அஞ்சியதோடு, பரிபூரணத்தில் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேனோ என்றும் அஞ்சினார். எல்லையை எழுதிவைத்திருக்கும் குடும்பத்துக்கு, சம்பள உயர்வு வரும் நாளில் அடுத்த பெரிய வீட்டைத் தேட வேண்டிய கட்டாயம் இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று அமர்ந்து பேசும் சுதந்திரம் இருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சொத்து வைத்துப்போவது சரியா?

பெற்றோர் பிள்ளைகளுக்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்று பவுலும், நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான் என்று நீதிமொழிகளும் சொல்கின்றன. செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் தங்கள் தகப்பனின் காணியாட்சியைக் கேட்டபோது அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே தீர்ப்பளித்தார் (எண்ணாகமம் 27). மகள்களை விலக்கி மகன்களுக்கு மட்டும் எழுதிவைப்பவர்கள் இந்தப் பகுதிக்கு முன் நின்று பதில் சொல்ல வேண்டும். உழைக்கும் அவசியமே இல்லாதபடி அள்ளிக்கொடுப்பதைவிட, கல்வியையும் தொழில் தொடங்க ஓர் ஆதாரத்தையும் கொடுத்து, மீதியில் ஒரு பகுதியை ஊழியங்களுக்கோ ஏழை மாணவர்களுக்கோ ஒதுக்குவது நலம்.

எப்படிப் பங்கிட்டாலும் உயிலை உடல்நலம் இருக்கும்போதே எழுதிப் பிள்ளைகள் எல்லோரிடமும் அதன் காரணத்தை விளக்கிச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் காப்பாளரின் சம்மதத்தைக் கேட்டு அவர் பெயரையும் குறிப்பிடுங்கள். வங்கிக் கணக்குகள், காப்பீடுகள், முதலீடுகள், கொடுக்க வேண்டிய கடன்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்றை வாழ்க்கைத்துணை அறிந்த இடத்தில் வைத்து, ஆண்டுக்கொருமுறை இருவரும் சேர்ந்து திருத்துங்கள்.